சந்தனப் பொட்டும் நாலாவது கம்பியும்

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள். ஆவடி பஸ் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் ஜாப் டைப்பிங் சென்டரில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கம்ப்யூட்டர் டிப்ளமோவை முதல் வகுப்பில் முடித்த திமிர் தலைக்கு மேல் ஒரு முழம் நின்ற காலம்.

சென்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கம்ப்யூட்டர், அகலமான ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, முதலாளி, நான். அவ்வளவுதான் எங்கள் ராஜாங்கம். பயோடேட்டா, கேள்வித்தாள், சங்கத்து வரவேற்பு மடல் என்று தினம் ஏதாவது வரும்.

அந்த வருஷம் எங்களுக்கு வந்த பெரிய வேலை ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. கோவில்பதாகையிலிருந்து வரும் ஒரு தாவரவியல் டீச்சருடையது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே பி.எச்டி. செய்துகொண்டிருந்தார். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்து ஏரிக்கரைகளில் எந்த மாதம் எந்தச் செடி முளைக்கிறது என்பதை ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்து நடந்து குறித்து வைத்திருந்தார். நூற்றெண்பது பக்கம், ஆங்கிலத்தில். பாதி அட்டவணை, பாதி வாயில் நுழையாத செடிப் பெயர்கள்.

டீச்சருக்கு ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு கொடுத்திருந்தார்கள். மூன்றாவது முறை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குள் கட்டுரை பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு ரத்து; ஆறு வருஷமும் வீண்.

கடைசித் திருத்தங்களை அவருடைய வழிகாட்டி கொடுத்ததே வியாழக்கிழமைதான். வெள்ளி மாலைக்குள் நான் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். சனிக்கிழமை ஆயுத பூஜை. பூஜை போட்ட மெஷினை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதில் முதலாளி கறார். ஆக, ஞாயிறு பகல் முழுக்க அச்சடிப்பது, திங்கள் காலை ஜெராக்ஸும் பைண்டிங்கும் முடிப்பது, நாலு மணிக்குள் ஒப்படைப்பது என்று திட்டம். முதலாளி பூஜையை முடித்து, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸ் வாசிகளுக்கு ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்கு ஒரு படி மேல். அன்றைக்கு மட்டும் குடும்பத்தோடு தொழிற்சாலைக்குள் விடுவார்கள். ராட்சத மெஷினிலிருந்து சின்ன ஸ்பேனர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார்கள். ஒரு திருகாணிகூட விடுபடக் கூடாது என்பார் அப்பா. அதைப் பார்த்து வளர்ந்தவள், கம்ப்யூட்டரின் நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு வைத்துவிட்டு சும்மா இருப்பேனா?

சனிக்கிழமை பூஜைக்கு முன்னால் மெஷினைத் திருப்பிப் போட்டு, கேபிள்களைக் கழற்றி, பின்பக்கம் முழுக்கத் துடைத்தேன். பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில் இருபத்தைந்து குட்டித் துளைகள். அதற்குத்தான் பேரலல் போர்ட் என்று பெயர். இந்த மெஷினுக்கு வாயே இதுதானே என்று எனக்குத் தோன்றியது. பன்னீரில் குழைத்த சந்தனத்தை அந்தத் துளைகளின் மேலேயே தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். பக்கத்தில் இன்னொரு சின்ன போர்ட் இருந்தது. அதில் துளைகளுக்குப் பதில் ஒன்பது முள். சந்தனம் வைக்கப் போனபோது விரலில் சுருக்கென்று குத்தியது. உனக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். பிறகு பிரிண்டர் கேபிளை சந்தனத்தின் மேலேயே அழுத்திச் செருகித் திருகினேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு டீச்சர் வந்தார். ஒரு கையில் வெள்ளைத்தாள் கட்டு, இன்னொரு கையில் டிபன் கேரியர். கம்ப்யூட்டரை இயக்கி முதல் பக்கத்தை அனுப்பினேன். பிரிண்டர் இரண்டு கோணல் எழுத்தை அடித்துவிட்டு நின்றது. மறுபடி அனுப்பினேன். பேப்பர் இல்லை என்றது திரை. பேப்பர் கண்ணெதிரே இருந்தது.

பின்னால் எட்டிப் பார்த்து கேபிளைக் கழற்றினேன். துளை துளையாக சந்தனம் இறுகிப் போயிருந்தது. அப்போதாவது மெஷினை அணைத்திருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. வளையலில் எப்போதும் தொங்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, டீச்சருக்கு என் முதுகைக் காட்டி நின்று, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு துளையாகக் குடைந்தேன். எட்டாவதா ஒன்பதாவதா நினைவில்லை, லேசாகத் தீய்ந்த வாசனை வந்தது. அதன்பின் பிரிண்டர் ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் டீச்சர்.

"தெரியல டீச்சர், திடீர்னு வேலை செய்யல" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

பிளாப்பியில் எடுத்துக்கொண்டு வேறு சென்டருக்குப் போகலாம் என்று கீழே ஓடினேன். எனக்குத் தெரிந்த மூன்று சென்டர்களிலும் பூட்டு. கதவில் மாவிலையும் சந்தனமும் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தன. விஜயதசமி, அதிலும் ஞாயிறு. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவும் அன்றைக்குத் திறந்திருக்காது. சாலையோரம் நின்று அழுதுவிட்டேன். எதிரில் வாழைக்கன்று கட்டிய ஒரு ஆட்டோ நின்றது.

"இன்னா மா, பேயறஞ்ச மேறி கீற?" என்றார் ஆட்டோக்காரர். விக்கி விக்கிச் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். "பூந்தமல்லி பக்கம் கரையான்சாவடில ஒரு பாய் கீறாரு. டிவி, ரேடியோ எல்லாம் பிரிச்சி மேயுறவரு. அவுரு கடை இன்னிக்கி லீவு இருக்காது. குந்து, போய் பாத்துகினு வந்துடலாம்."

டீச்சரை சென்டரில் இருக்கச் சொல்லிவிட்டு ஏறினேன். வழியெல்லாம் வாழைக்கன்று என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. பட வேண்டியதுதான் என்று விட்டுவிட்டேன்.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் அந்தக் கடை பாதி ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், புதுச் சட்டையும் அத்தர் மணமுமாக, ஒரு நீளமான ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மனைவியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணமாம். மண்டபத்தில் விளக்குக்கு ஒயர் போதவில்லை என்று எடுக்க வந்திருக்கிறார். ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் அவரைப் பார்த்திருக்கவே முடியாது.

நான் சொன்னதையெல்லாம் கேட்டார். "கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது மா. கம்பி தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனிக்கு, மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல போற கேபிளு நூறு ஒட்டிக் குடுத்துகீறேன். வந்து பாக்குறேன், ஆவலன்னா திட்டக்கூடாது" என்றார். ஒயரை மண்டபத்தில் சேர்க்கச் சொல்லிப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

சென்டருக்கு வந்ததும் மெஷினை அணைத்துவிட்டுப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் துளைகளைத் தொட்டு முகர்ந்தார். என் வளையலில் தொங்கிய ஊக்குகளைப் பார்த்தார். ஒன்றின் நுனியில் மட்டும் சந்தனம். நான் புடவைத் தலைப்பை இழுத்துக் கையை மூடினேன்.

"எப்படிங்க போச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

"பழைய சாமானு மா. சில நேரம் அதுவா போயிரும்" என்றார் பாய், என் பக்கம் திரும்பாமலே. அந்த இடத்திலேயே அவர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.

பேரலல் போர்ட்டுக்கு உயிர் வராது என்று சொல்லிவிட்டு பிரிண்டரைத் திருப்பினார். கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் தூசி படிந்து இன்னொரு வாய். "இதுக்கு ரெண்டு வழி கீது மா. ஒண்ணு போனா இன்னோண்ணு. கம்ப்யூட்டர்லயும் இந்த முள்ளு வெச்சது வேற கார்டு, அது தப்பிச்சிருக்கு" என்றார். என் விரலைக் குத்தி சந்தனத்திலிருந்து தப்பித்த அந்த ஒன்பது முள் போர்ட்தான், சீரியல் போர்ட்.

இங்கே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். பேரலல் போர்ட்டுக்கும் சீரியல் போர்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று டிப்ளமோ பரீட்சையில் பத்து மார்க் கேள்வி வந்தது. எட்டு பிட் எட்டுக் கம்பியில் பக்கம் பக்கமாகப் போனால் பேரலல், ஒரே கம்பியில் ரேஷன் வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் சீரியல் என்று எழுதி பத்துக்குப் பத்து வாங்கியவள் நான். ஆனால் அந்த இரண்டும் என் மெஷினின் முதுகில்தான் இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பாய் பையிலிருந்து சிவப்பு, பச்சை, கறுப்பு என்று மூன்று கம்பி எடுத்தார். போக ஒன்று, வர ஒன்று, பொதுவுக்கு ஒன்று. இரண்டு முனையிலும் செருகிகளை வைத்து ஒட்டினார். கம்ப்யூட்டர் பக்கத்தில் சில பின்களை ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டினார். அது எதற்கு என்று கேட்டேன். "பிரிண்டரு எப்பவும் ரெடியா கீதுன்னு கம்ப்யூட்டர ஏமாத்துறோம்" என்று சிரித்தார்.

முதலாளியின் மேஜையிலிருந்து பிரிண்டர் புத்தகத்தை எடுத்துப் படித்து, எந்தக் குட்டி சுவிட்சை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் தள்ளினார். பிரிண்டருக்குப் போகிறதை சீரியல் பக்கம் திருப்பிவிடும் கட்டளை ஒன்று உண்டு. பரீட்சைக்காகப் புரியாமல் மனப்பாடம் செய்தது அப்படியே விரலில் வந்தது. தட்டினேன். கட்டுரையின் தலைப்புப் பக்கத்தை அனுப்பினேன்.

அடித்தது! எழுத்து முத்து முத்தாக விழுந்தது. டீச்சர் கைதட்டினார். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. மணி ஒன்று ஆகப் போகிறது. கல்யாணச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று பாய் பையை மூடிக்கொண்டு, காத்திருந்த ஆட்டோவுக்கு இறங்கிப் போனார்.

நான் ஜம்பமாக முதல் அத்தியாயத்தை அனுப்பினேன். அரைப் பக்கம் ஒழுங்காக வந்தது. பிறகு பிரிண்டர் எழுத்துகளை விழுங்க ஆரம்பித்தது. ஒரு சொல்லின் தலை, இன்னொரு சொல்லின் வால். ஏரியின் பெயர் ஒரு வரியில், செடியின் பெயர் நடுவில் முறிந்து அடுத்த வரியில். டீச்சர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன். ஆட்டோ பூந்தமல்லி சாலையில் திரும்பிக்கொண்டிருந்தது. விஜயதசமி நாளில், நடுத்தெருவில், ஒரு வயசுப் பெண் "பாய்! பாய்!" என்று கத்திக்கொண்டு ஆட்டோவைத் துரத்திய காட்சியை ஆவடியே வேடிக்கை பார்த்தது. அப்பாவின் தொழிற்சாலை நண்பர் ஒருவர்கூடப் பார்த்தாராம், பிறகு தெரிந்தது.

ஆட்டோ நின்றது. பாய் என் காலைப் பார்த்தார், என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஆட்டோக்காரரிடம், "அண்ணாத்தே, நீ போ. மண்டபத்துல என்னிய தேடுனா, வேலையா கீறேன்னு சொல்லு" என்றார்.

மாடிக்கு வந்து அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். "தப்பு என்னுது மா. தலைப்புப் பக்கத்துல நாலு வரி, அதனால தாங்கிச்சு. கம்ப்யூட்டரு கடகடன்னு அனுப்புது, பிரிண்டரு ஒவ்வொரு எழுத்தா குத்துது. போதும், கொஞ்சம் பொறுன்னு அது கத்துது. நாம அத ஏமாத்தி வெச்சுட்டோம் இல்ல, கம்ப்யூட்டருக்குக் கேக்கல."

ஏமாற்றுவதற்காக ஒட்டியதைப் பிரித்தார். பையில் துழாவி ஒரு மஞ்சள் கம்பியை எடுத்தார். பிரிண்டரின் 'பொறு' என்ற அந்த ஒரு வார்த்தையை கம்ப்யூட்டருக்குக் கொண்டு போகும் நாலாவது கம்பி. புதுச் சட்டையின் கையில் ஒரு சொட்டு ஈயம் விழுந்து பொத்தல் ஆனது. அதைப் பார்த்துவிட்டு அவர் மறுபடி குனிந்துகொண்டார்.

இந்த முறை முதல் அத்தியாயம் பத்துப் பக்கமும் தாண்டும்வரை நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பிரிண்டர் சற்று அடிக்கும், கம்ப்யூட்டர் நிற்கும், மறுபடி அனுப்பும். ஒரு எழுத்து பிசகவில்லை. கல்யாண பிரியாணி நேரம் தாண்டிப் போயிருந்தது. டீச்சர் கேரியரைத் திறந்து எலுமிச்சைச் சோற்றை மூன்று பங்காகப் பிரித்தார். மூன்று பேரும் பிரிண்டர் சத்தத்துக்கு நடுவில் சாப்பிட்டோம். என்ன தருவது என்று டீச்சர் கேட்டபோது, "கம்பிக்கா? போங்க மா" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பெயரைக் கேட்டதற்கும் சிரிப்புதான் பதில். கடையில் பெயர்ப்பலகை இருந்ததா என்றுகூட நான் கவனித்திருக்கவில்லை.

அதன்பின் முதலிலிருந்து வரிசையாக அச்சடித்தேன். மூன்றாவதாக வந்தது நன்றிப் பக்கம். அதில் ஒரு வரி, ஒரு வாரம் முன்னால் நானே பெருமையோடு தட்டியது: மிகுந்த கவனத்தோடு தட்டச்சு செய்து கொடுத்த பெண்ணுக்கு நன்றி. அந்த வரியைப் பிரிண்டர் எழுத்து எழுத்தாகக் குத்திக் குத்தி அடிக்க, நான் டீச்சர் பக்கம் திரும்பினேன்.

"டீச்சர், அது தானா போகல. நான்தான் கெடுத்தேன்" என்று ஆரம்பித்து சந்தனம், ஊக்கு, பொய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அழுகை வேறு.

டீச்சர் தாளை நேராக்கி அடுக்கிக்கொண்டே சொன்னார்: "காலையில நீ கேபிளைக் கழட்டினப்பவே தெரியும்மா. சந்தன வாசனை தெரியாம நான் என்ன தாவரவியல் டீச்சர்?"

"அப்பவே ஏன் திட்டல டீச்சர்?"

"திட்டினா உன் கை நடுங்கும். இன்னைக்கு எனக்கு உன் கை வேணுமே."

கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பக்கத்தில் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். பாயின் பெயர் தெரியாது. கரையான்சாவடியிலிருந்து மூன்று கம்பியோடு வந்த நண்பருக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் தட்டினேன். என்னைப் பற்றிய வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், இனிமேலாவது அது உண்மையாகட்டும் என்றார்.

மாலை ஆறரைக்கு கடைசிப் பக்கம் வந்தது. மறுநாள் மூன்றரை மணிக்கு கட்டுரை போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் அவர் டாக்டர் ஆனார். ஊரிலிருந்து திரும்பிய முதலாளியிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் வஞ்சனை இல்லாமல் திட்டினார். இரண்டு பேர் திட்டாமல் விட்டதையும் சேர்த்து அவரிடம் ஆசை தீர வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, நன்றிப் பக்கத்தின் ஜெராக்ஸோடு கரையான்சாவடிக்குப் போனேன். பாய் அதே கடையில் ஒரு டிவியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் போகாததால் வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லையாம். சட்டைப் பொத்தலுக்குத் தனியாக ஒரு நாளாம். அந்த வரியைப் படித்துத் தமிழில் சொன்னேன். முகமெல்லாம் பூரித்துப் போனார். பிறகு, "ஒரே ஒரு தப்பு மா. மூணு இல்ல, நாலு. அந்த மஞ்சக் கம்பிய மறந்துட்டியே" என்றார்.

இன்று என் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில் பேரலல் போர்ட்டும் இல்லை, சீரியல் போர்ட்டும் இல்லை. அந்தக் கேபிள் மட்டும் என்னிடம் இருக்கிறது; வேலையை விட்டு நின்றபோது முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, துளையில் படாமல் செருகியின் மூடி மேல் மட்டும் ஒரு பொட்டு வைக்கிறேன். அவசரத்தில் யாரிடமாவது கத்த வாயெடுக்கும்போதெல்லாம் அந்த மஞ்சள் கம்பி ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்கு ஒருவர் பிரியாணியை விட்டு, ஒருவர் கோபத்தை விட்டு எனக்காகப் பொறுத்திருந்ததால்தான் இன்றைக்கு என்னாலும் கொஞ்சம் பொறுக்க முடிகிறது.